மூக்குக்கு ஒரு பிரஷர் டெஸ்ட்

குழாய்க்காரரை நான் முதன்முதலில் சந்தித்தபோது அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தேன். எங்கள் வார்டில் மருந்து எடுத்து வைக்கும் அறை ஒன்று உண்டு. அதில் இருந்த வாஷ்பேசின் இரண்டு நாளாக அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இடுப்பு வரை நுழைந்து மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஸ்பேனர்கள் பிதுங்கும் ஒரு ரெக்ஸின் பை. உள்ளேயிருந்து இளைக்கிற மாதிரி மூச்சுச் சத்தம் வந்தது. மாடிப்படி ஏறி வந்தவரின் மூச்சு அப்படி இருந்தால் ஆச்சரியமில்லை. இவர் கால்மணி நேரமாகப் படுத்துக்கொண்டல்லவா இருக்கிறார்?

நான் காது மூக்கு தொண்டை வார்டில் நர்ஸ். இந்த மாதிரிச் சத்தம் கேட்டால் சும்மா இருக்க முடியாது.

"அண்ணே, எத்தனை வருஷமா வாயால மூச்சு விடுறீங்க?"

"தம்பி, நான் பேசினைச் சரி பண்ண வந்திருக்கேன். நீங்க என்னைச் சரி பண்ணக் கிளம்பாதீங்க" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

வெளியே வந்த பிறகு பார்த்தேன். நடுத்தர உயரம், ஐம்பதை ஒட்டிய வயது. மூக்கு பாதிவரை நேராக இறங்கி, அதற்கப்புறம் இடது பக்கம் ஒதுங்கிப் போயிருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "ரோட்டுல நான் நேராத்தான் போவேன். எதிர்ல வர்றவன்தான் நான் திரும்பப் போறேன்னு நினைச்சு பிரேக் போடுவான்" என்றார்.

இருபத்தெட்டு வயதில், தலைக்கு மேலே இருந்த வால்வு ஒன்றைத் திருகும்போது ஸ்பேனர் நழுவி மூக்கில் இறங்கியிருக்கிறது. ரத்தம் நின்றது, வீக்கம் வடிந்தது, மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். உள்ளே இருக்கும் நடுச்சுவர் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. ஒரு பக்கம் முழுக்க அடைப்பு, மறு பக்கம் அரைகுறை. மூச்சோடு வாசனையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

வாசனை இல்லாத பிளம்பர் என்றால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். பாதிப் புகார் "நாத்தம் வருது" என்பதுதான். நான்கு கட்டடங்கள் கொண்ட ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு வருடமாக அவர்தான் எல்லாக் குழாய்களுக்கும் பொறுப்பு. நாற்றம் என்று யாராவது கூப்பிட்டால் வீட்டுக்குப் போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவார். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் வீட்டிலேயே துணி தைப்பவர். மெஷினை நிறுத்திவிட்டு வந்து ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்து, "இங்க இல்ல, அங்க" என்று கை காட்டுவார். பிறகு இவர் வேலையைத் தொடங்குவார்.

"மோப்ப நாய்க்குக்கூட போலீஸ்ல சோறு போட்டு, பதக்கம் குத்துறாங்க" என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார். "இத்தனை வருஷத்துல இவர் எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பாருன்னு நினைக்கிறீங்க?"

வாஷ்பேசின் பார்த்துவிட்டுப் போனவர் மூன்று மாதம் கழித்து நோயாளியாக வந்தார். அக்கா ஊரில் இல்லாத ஒரு நாள், ஒரு வயதான தம்பதி சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஏதோ வாடை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் தனியாகப் போய் கழிவுநீர்க் குழாயைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, உங்க பிரமை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வந்தது கழிவு வாடை இல்லை; காஸ். பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே நுழைந்ததுமே கண்டுபிடித்து சிலிண்டரை மூடிவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

குடியிருப்பின் செயலாளர் ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி. கத்தவில்லையாம். "உன் கையில குறை இல்லப்பா. ஆனா நாலு கட்டடத்தையும் மூக்கு இல்லாத ஆள்கிட்ட எப்படி விட்டு வைக்கிறது? ஒரு மாசம் டைம். சரி பண்ணிட்டு வா. அதுவரைக்கும் வேற ஆள் பார்த்துக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

ஆக, அவருக்கு அந்த மூக்கு வெறும் மூக்கு இல்லை. பதினோரு வருட வேலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் டாக்டரம்மா குள்ளம், பேச்சு வேகம், பொய் சொல்லத் தெரியாதவர். "நடுச்சுவரை நேராக்கிடலாம். மூச்சு வரும். வாசனை வந்தாலும் வரும், வராமலும் போகும். நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்" என்றார். இவர் யோசித்துவிட்டு, "லைனைச் சரி பண்ணினா தண்ணி வந்துதானே ஆகணும்?" என்றார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று பத்து நாள் போனது. பதினொன்றாம் நாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் மூக்கிலிருந்த பஞ்சை நான்தான் எடுத்தேன். கண்ணில் நீர் வழிய, "பேசின்ல இருந்து முடிக்கொத்தை இழுக்கிறப்போ அதுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், பாவம்" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் முன் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று சொல்வது என் வேலை. இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆங்கிலப் பாடப் புத்தகத்தை ஒவ்வொரு வரியாக நானே எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லித்தான் நர்சிங் பட்டம் வாங்கினேன். அதனால் எவருக்கும் அவரவர் பாஷையில் புரிய வைக்க என்னால் முடியும் என்ற பெருமை எனக்கு உண்டு. அச்சடித்த தாளைக் கையில் திணித்துவிட்டுப் போகும் ஆள் இல்லை நான்.

கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அக்காவும் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, பிளாஸ்டிக் பைப்புல சொல்யூஷன் தடவி ஒட்டினா என்ன செய்வீங்க?"

"ஆட்டாம வைப்பேன். காயற வரைக்கும் தண்ணி விட மாட்டேன்."

"அவ்வளவுதான். உங்க மூக்குக்குள்ள இப்போ புது ஜாயிண்ட். ரெண்டு வாரத்துக்கு அதை ஆட்டக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. விரல் விட்டு நோண்டக் கூடாது. தும்மல் வந்தா அடக்காதீங்க. வாயை நல்லாத் திறந்து தும்முங்க. வாய்தான் சேஃப்டி வால்வு."

"ஓ."

"மூணு தலையணை வச்சு, தலையை உசத்திப் படுங்க. மேல் டேங்க்ல பிரஷர் ஏறக் கூடாது. குனியாதீங்க, கனம் தூக்காதீங்க. உங்க அந்த ஸ்பேனர் பை இருக்கே, அதைத் தொடவே தொடாதீங்க. சூடா எதையும் குடிக்க வேண்டாம், ஆறவிட்டுக் குடிங்க. தூசிப் பக்கம் போகாதீங்க. உப்புத்தண்ணிச் சொட்டு தரேன், சொன்ன நேரத்துக்கு விடுங்க. வலிக்கு நாங்க குடுக்கிற மாத்திரை மட்டும்தான். கடையில கேட்டு வாங்கிப் போட்டா சிலது ரத்தத்தை இளக்கிடும்."

"ரத்தம் வந்தா?" என்று அக்கா கேட்டார்.

"உட்கார வச்சு, தலையை முன்னாடி சாய்ச்சு, மூக்கோட மெத்துன்னு இருக்கிற பாகத்தைப் பத்து நிமிஷம் விடாம பிடிங்க. ரத்தத்தை முழுங்க வேண்டாம், துப்பச் சொல்லுங்க. நிக்கலைன்னா உடனே வாங்க. நின்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க. ஒரு வாரத்துக்கு மூக்கு அடைச்ச மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க."

டாக்டரம்மா அந்த வழியாகப் போனவர் நின்று கேட்டுவிட்டு, "நல்லாச் சொல்றியே" என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தாளில் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் விடவில்லை. ஆனால் குழாய் வேலையில் ஒட்டுவதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது. அது எனக்குத் தெரியாது.

ஒட்டிய குழாயை யாரும் அப்படியே விட்டுவிட்டுச் சுவரைப் பூசமாட்டார்கள். லைனில் இருக்கும் எல்லாத் திறப்புகளையும் மூடிவிட்டு, கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பிரஷர் டெஸ்ட். எங்காவது கசிந்தால் இப்போதே தெரிந்துவிடும்; பூசிய பிறகு தெரிந்தால் சுவரை உடைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் டெஸ்ட் பண்ணாமல் ஒரு லைனைக்கூட இவர் ஒப்படைத்ததில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை, பட்டத்தில் எனக்கு இருந்த பெருமைக்கு ஒரு மாற்றுக்கூடக் குறைந்ததில்லை.

ரெண்டு வாரம் என்று நான் சொன்னதை அவர் சிந்துவதற்குத்தான் எடுத்துக்கொண்டார். டெஸ்டுக்கு அவரே கணக்குப் போட்டார். பைப் காய ஒரு நாள். சதை ஈரமானது, அதனால் மூன்று நாள். ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் காலை, அக்கா மெஷினில் உட்கார்ந்ததும் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டார். வாயை இறுக்கி மூடினார். மூக்கின் இரண்டு துவாரத்தையும் விரலால் அழுத்தி அடைத்தார். எல்லாத் திறப்பையும் மூடியாயிற்றல்லவா? உள்ளேயிருந்து மூச்சை முழு பலத்தோடு தள்ளி மனதுக்குள் எண்ணினார். காது இரண்டும் பட்டென்று அடைத்தன. முப்பது எண்ணிவிட்டு விட்டபோது விரலெல்லாம் ரத்தம்.

அவர் அலறியபடி தாழ்ப்பாளைத் திறக்க, அக்கா ஓடிவந்து, முன்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். பன்னிரண்டாவது நிமிடம் ரத்தம் நின்றது.

"என்ன பண்ணுனீங்க?"

"தும்மிட்டேன்."

"வாயைத் திறந்தா?"

"திறந்துதான்."

அக்கா போனை எடுக்க, "நின்னு போச்சுல்ல? அந்தத் தம்பியைப் போய் ஏன் தொந்தரவு பண்றே?" என்று தடுத்துவிட்டார்.

மறுநாள் பதினொரு மணி இருக்கும், எனக்குப் போன் வந்தது. பின்னால் தையல் மெஷின் சத்தம் இல்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது.

"தம்பி, இவருக்கு மூக்கு வீங்கின மாதிரி இருக்கு. கேட்டா, ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும்னு நீங்களே சொன்னதா சொல்றாரு."

"நேத்தைக்கு இன்னைக்கு அடைப்பு குறைஞ்சிருக்கா, கூடியிருக்கா அக்கா?"

"முந்தாநாள் வலது பக்கம் காத்து வந்துச்சு. தூங்குறப்போ விசில் அடிக்கிற மாதிரி கேட்கும், சந்தோஷமா இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டும் மூடிக்கிச்சு."

"வலி?"

"மாத்திரை போட்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதாம். தொட்டா சுடுது."

ஆபரேஷனுக்குப் பிறகு அடைப்பு இருக்கும். ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டு வந்தது திடீரென்று இரண்டு பக்கமும் மூடி, வலியும் கூடினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாளில் இல்லாத இதைத்தான் நான் அவர்களிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். "அடைப்பு இருக்கும், பயப்படாதீங்க" என்பதோடு நிறுத்திவிட்டேன்.

"உடனே கூட்டிட்டு வாங்க அக்கா. எதுவும் சாப்பிடக் குடுக்காதீங்க, தண்ணிகூட வேண்டாம். சாயங்காலம், நாளைக்கு எல்லாம் வேண்டாம். இப்போ."

போனில் அவர் குரலும் கேட்டது, தலையணைக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல. "மறுபடி தொறப்பாங்க. மறுபடி ரெண்டு வாரம். செயலாளர் குடுத்த மாசம் தாண்டிரும். ரெண்டு நாள் பார்ப்போம்."

"மூக்கு உட்கார்ந்து போச்சுன்னா மாசம் என்ன, வருஷம் குடுத்தாலும் ஒண்ணும் நடக்காது" என்றார் அக்கா. "இப்போ எழுந்திரிக்கிறீங்களா, இல்ல உங்க பையைத் தூக்கிட்டு நானே அந்தக் குடியிருப்புக்கு வேலைக்குப் போகட்டுமா? மூக்கு என்கிட்ட இருக்கு. ஸ்பேனர் பிடிக்கிறதுதானே, அதையும் கத்துக்கிறேன்."

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்கள்.

டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்தார். நடுச்சுவரின் இரண்டு பக்கமும் கருநீலமாக உப்பி, வழியை முழுக்க அடைத்திருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியால் லேசாக அழுத்தினார். மெத்தையைப்போல் உள்வாங்கியது. குச்சியை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"நடுவுல இருக்கிறது குருத்தெலும்பு. அதுக்குன்னு தனி ரத்த ஓட்டம் கிடையாது. மேல ஒட்டியிருக்கிற சவ்வுதான் அதுக்குச் சோறு போடுது. இப்போ ரெண்டுக்கும் நடுவுல ரத்தம் புகுந்து பிரிச்சிருச்சு. ரெண்டு மூணு நாள் இப்படியே விட்டா அது பட்டினியில அழுகிடும், மூக்குத் தண்டு உள்ள சரிஞ்சிடும். இன்னைக்கே எடுத்துடுறேன்." பிறகு அவர் பக்கம் திரும்பி, "என்ன பண்ணுனீங்க?" என்றார்.

"தும்மினேன்."

"தும்மினா இவ்வளவு ஆகாதே."

அவர் தன் செருப்பைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தார். எனக்கு ஸ்டூலில் உட்கார்ந்து நான் பேசியது ஒவ்வொரு வார்த்தையாக நினைவுக்கு வந்தது.

"அண்ணே" என்றேன். "பைப்பை ஒட்டிக் காஞ்சதும், அதுக்கப்புறம் என்ன செய்வீங்க?"

"பிரஷர் போட்டுப் பார்ப்பேன்" என்றார்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். முப்பது எண்ணினேன். தாங்கல." பிறகு, குற்றம் சாட்டப்பட்டவரின் கடைசி வாதம்போல, "நீங்க சிந்தக் கூடாதுன்னீங்க. நான் சிந்தலையே. டெஸ்ட்தானே பண்ணினேன்" என்றார்.

"கல்யாணம் ஆனதுல இருந்து எனக்கு இதே டெஸ்ட்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மதியமே மயக்க மருந்து கொடுத்து, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்து, இரண்டு பக்கமும் மறுபடி பஞ்சு வைத்தார்கள். சீழ் பிடித்திருக்கவில்லை. குருத்தெலும்பில் ஒரு சின்ன விளிம்பு மட்டும் வெளுத்துப்போயிருந்ததாக டாக்டரம்மா சொன்னார். கையைக் கழுவும்போது என்னிடம், "உன் உதாரணம் நல்லாத்தான் இருந்துச்சு. பாதியில நிறுத்திட்டே" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டாவது முறை வீட்டுக்கு அனுப்ப நான் ஸ்டூலை இழுத்தபோது அவரே கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, இந்தத் தடவை பைப் வேண்டாம். மூக்குன்னே சொல்லுங்க. வெறும் மூக்கு."

வெறும் மூக்காகவே சொன்னேன். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். அடைப்பு கூடினால், வலி கூடினால், காய்ச்சல் வந்தால், தண்ணீர்போலத் தெளிவாக ஒழுகிக்கொண்டே இருந்தால், எதற்கும் காத்திருக்காமல் வரவேண்டும் என்பதைச் சேர்த்தேன். துணி வெட்டும் மாதிரித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அக்கா எல்லாவற்றையும் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டினார். முதல் வரி: "சோதித்துப் பார்ப்பது டாக்டர் வேலை."

அந்த இரண்டு வாரத்தை அவர் எப்படிக் கழித்தார் என்பதை அக்கா சொல்லக் கேட்க வேண்டும். மூன்று தலையணையில் மகாராஜாபோலச் சாய்ந்திருப்பாராம். தும்மல் வந்தால் அகலமாக வாயைத் திறந்து அவர் போடும் சத்தத்துக்கு எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்தப்படுமாம். செருப்பு வாரைக்கூட அக்காதான் மாட்டிவிட வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி அக்கா தன் நூல்டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். ஒரு நாள் அவர்கள் வீட்டுக் குழாயே ஒழுக ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்து இவர் வாயால் சொல்ல, அக்கா ஸ்பேனரால் திருகினார். "இன்னும் அரைச் சுத்து" என்று அவர் சொல்ல, "போதும்னு என் கைக்குத் தெரியுது" என்று அக்கா சொல்ல, அந்தக் குழாய் இன்றுவரை ஒழுகவில்லை.

செயலாளர் கொடுத்த மாதம் முடிந்து ஆறாம் நாள் இவர் குடியிருப்புக்குப் போனார். செயலாளர் பல மாதமாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திறந்து காட்டினாராம். இவர் வாசலைத் தாண்டவில்லை. "குளியலறைதான். தண்ணி தேங்கி நிக்கிற வளைவு காஞ்சு போயிருக்கு, அதான் கீழ இருந்து வாடை ஏறுது. ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்க, போயிரும்" என்றிருக்கிறார். ஊற்றினார்கள், போய்விட்டது. இருந்தாலும் நாள் தவறியது தவறியதுதான். அந்த மாதத்தில் வேலை பார்த்த புது ஆளை அனுப்ப செயலாளருக்கு மனம் வரவில்லை. இரண்டு கட்டடத்தை அந்தப் புது ஆளுக்கே விட்டுவிட்டு, மற்ற இரண்டை இவருக்குக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் வார்டிலிருந்து யாரை வீட்டுக்கு அனுப்பினாலும், என்ன தொழில் என்று கேட்டுவிட்டு, வேலை முடிந்ததும் கடைசியாக என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன். போன வாரம் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர் ஒருவர், "வெந்திருச்சான்னு குச்சி விட்டுப் பார்ப்பேன்" என்றார். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, விடக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன்.

குழாய்க்காரருக்கு இப்போது ஐம்பத்தொன்று. மூன்றாம், நான்காம் கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. மூக்குத் தண்டின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது; சரி செய்யலாம் என்று டாக்டரம்மா சொன்னதற்கு, பூசின சுவரை உடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டு தூங்குகிறார். கழிவு வாடை தெரிகிறது. காஸ் வாடை பாதிதான் தெரிகிறது. அதனால் காஸ் புகார் என்றால் மட்டும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போகிறார். திரும்பி வரும்போது டீ வாங்கிக் கொடுக்கிறார்.